மஞ்சள் காமாலை: மருந்துக்கு முன் காரணம் அறிவோம்

(ஜமாஅத் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில், பித்தநாளப் புற்றுநோய் குறித்து நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

புற்றுநோய் பற்றிப் பேச வேண்டும் என்று நிர்வாகக் குழுவினர் எங்களைக் கேட்டுக் கொண்டனர். வழக்கமாக இத்தகைய கூட்டங்களில் வாய்ப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய், கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆகியவை பற்றியே பேசப்படுகிறது. அவை மிகுதியாகக் காணப்படுபவை. ஆகவே அவற்றைப் பேசுவது சரியே. ஆயினும், அரிதாக வரும் ஒரு புற்றுநோயை இன்று எடுத்துக் கொண்டுள்ளோம். அதன் பெயர் பித்தநாளப் புற்றுநோய். பெரும்பாலான நாடுகளில் இலட்சம் பேரில் ஆண்டொன்றுக்கு இருவருக்கும் குறைவாகவே இது வருகிறது.

அவ்வளவு அரிய நோயைப் பற்றி நாம் ஏன் அறிந்துகொள்ள வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் இதுதான்: இந்நோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் மஞ்சள் காமாலை. மஞ்சள் காமாலையைத் தெரியாத வீடு நம் ஊரில் இல்லை. அதற்குக் கைவைத்தியம் தெரியாத வீடும் இல்லை. அந்தப் பழக்கமே இந்நோய் வந்தவருக்குப் பகையாகிவிடுகிறது. நோய் அரிதானது; ஆனால் அதனைத் தவறவிடும் வழி நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது.

பித்தம் செல்லும் வழி

நம் கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. கொழுப்பைச் செரிப்பதற்கு அது தேவை. கல்லீரலுக்குள் நுண்ணிய வாய்க்கால்கள் பல உள்ளன. அவை ஒன்றோடொன்று கூடி, வலப்புறம் ஒன்று இடப்புறம் ஒன்று என இரண்டு நாளங்களாகின்றன. கல்லீரலின் வாயிலில் அவ்விரண்டும் சேர்ந்து ஒன்றாகின்றன. வழியில் பித்தப்பையிலிருந்து வரும் நாளம் வந்து கூடுகிறது. பின்னர் அந்தப் பொதுநாளம் கணையத்தின் தலைப்பகுதி வழியே இறங்கிச் சிறுகுடலில் திறக்கிறது.

இந்தப் பொதுநாளத்தின் அகலம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். ஒரு பென்சிலின் பருமனுக்கும் சற்றுக் குறைவு. ஆகவே, விரல் நகம் அளவுள்ள சிறு கட்டிகூட அதனை அடைத்துவிட இயலும். வாய்க்கால் அடைபட்டால் நீர் பின்வாங்கி வயலில் தேங்குவதைப்போல, பித்தம் பின்வாங்கி இரத்தத்தில் கலக்கிறது. கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகிறது. குடலுக்குப் பித்தம் செல்லாததால் மலம் களிமண் நிறமாக வெளுக்கிறது. பித்த உப்புகள் உடலில் தேங்குவதால் தடிப்போ சொறியோ இல்லாமலேயே உடம்பெங்கும் அரிப்பு உண்டாகிறது.

புற்று இந்த வழியில் மூன்று இடங்களில் தோன்றக்கூடும். கல்லீரலுக்குள்ளே இருக்கும் நாளங்களில் தோன்றுவது ஒன்று. வல, இட நாளங்கள் கூடும் வாயிலில் தோன்றுவது மற்றொன்று. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இங்கேயே வருகிறது. அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு கிளாட்ஸ்கின் 1965-இல் இத்தகைய 13 நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினார். அதனால் இதனைக் கிளாட்ஸ்கின் கட்டி என்றும் அழைப்பர். கீழே, கணையத்தை ஒட்டிய பகுதியில் தோன்றுவது மூன்றாவது. வாயிலிலும் கீழேயும் தோன்றுபவை விரைவிலேயே மஞ்சளைக் காட்டும். கல்லீரலுக்குள் தோன்றுவதோ நெடுநாள் மஞ்சளைக் காட்டாது. வேறு காரணத்திற்காக எடுத்த வயிற்று ஸ்கேனில் தற்செயலாகத் தெரிவதும் உண்டு.

இருவகை மஞ்சள்

மஞ்சள் காமாலை என்பது நோயின் பெயரன்று. அஃது ஓர் அறிகுறி. காய்ச்சல் என்பதைப் போன்றது. காய்ச்சலுக்குப் பல காரணங்கள் இருப்பதைப்போல மஞ்சளுக்கும் பல காரணங்கள் உள்ளன. அவற்றுள் நாம் மிகுதியாகக் காண்பவை இரண்டு.

முதலாவது, கல்லீரல் அழற்சியால் வருவது. மாசுபட்ட குடிநீர், உணவு வழியே பரவும் ஏ, இ வகை வைரஸ்கள் இதனை உண்டாக்குகின்றன. முதலில் காய்ச்சல், வாந்தி, உணவில் வெறுப்பு ஆகியவை வரும்; பின்பு கண் மஞ்சளாகும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் உடல் தானாகவே இதனை ஆற்றிக்கொள்கிறது.

இரண்டாவது, நாளம் அடைபடுவதால் வருவது. கல்லோ கட்டியோ சுருக்கமோ வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. மறிப்பு நீங்காதவரை இந்த மஞ்சள் தணிவது அரிது.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். முதல் வகை மஞ்சள் வந்தவருக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுக்கிறோம். எண்ணெய்ப் பத்தியம் வைக்கிறோம். மூன்று வாரத்தில் மஞ்சள் இறங்குகிறது. தழைதான் இறக்கியது என்று நம்புகிறோம். அடுத்த முறை இரண்டாம் வகை மஞ்சள் வரும்போதும் அதே தழையை நாடுகிறோம். தானாக ஆறும் நோயில் நற்பெயர் வாங்கிய மருந்து, தானாக ஆறாத நோயில் நாள்களைத் தின்றுவிடுகிறது. நாட்டு வைத்தியத்தை இகழ்வதற்காக இதனைச் சொல்லவில்லை. எந்த மருந்தானாலும் காரணம் தெரிந்த பின்னரே கொடுக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். அறுபது வயதுப் பெரியவர் ஒருவருக்கு அரிப்பு தொடங்குகிறது. தோல் மருத்துவரிடம் களிம்பு வாங்கித் தடவுகிறார். இரண்டு வாரம் கழித்துக் கண் மஞ்சளாகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. வலி இல்லாததால் வீட்டார் ஆறுதல் கொள்கின்றனர். பத்தியம் மூன்று வாரம் நடக்கிறது. மஞ்சள் கூடுகிறது. வேறோர் ஊரில் பெயர்பெற்ற வைத்தியர் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே மேலும் இரண்டு வாரம் செல்கிறது. எடை எட்டுக் கிலோ குறைந்த பின்னர் மருத்துவமனைக்கு வருகிறார். இந்த ஏழு வாரத்தில் நாளத்தைத் தாண்டிப் புற்று அருகிலுள்ள இரத்தக் குழாயைப் பற்றிக்கொண்டிருந்தால், முதல் வாரத்தில் இயன்றிருக்கக்கூடிய அறுவை சிகிச்சை இப்போது இயலாமற் போகலாம். இவர் கற்பனை மனிதர்தாம். ஆனால் இவரைப் போன்றோர் வாராத மருத்துவமனை இல்லை.

வலியில்லாத மஞ்சளைக் கண்டு ஆறுதல் கொள்ளக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள். சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் லுட்விக் கூர்வாசியே 1890-லேயே ஒன்றைக் கவனித்து எழுதினார்: மஞ்சள் இருந்து, வலியின்றிப் பித்தப்பை உப்பிக் கைக்குத் தட்டுப்பட்டால், கல்லைவிட வேறு அடைப்பையே ஐயுற வேண்டும். இன்றும் மருத்துவ மாணவர்கள் அதனைப் படிக்கின்றனர்.

சோதனைகளின் வரிசை

மஞ்சள் தோன்றியதும் செய்ய வேண்டிய முதல் வேலை இரண்டு எளிய சோதனைகள். அவற்றைச் சிறு ஊர்களிலும் செய்துவிட முடியும்.

ஒன்று, கல்லீரல் இயக்க இரத்தச் சோதனை. பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி வழக்கமாக 1 மில்லிகிராம் அளவுக்குள் இருக்கும். 2, 3 என்று ஏறும்போது கண்ணில் தெரிகிறது. அழற்சியால் வந்த மஞ்சளில் எஸ்.ஜி.பி.டி. என்னும் நொதி நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஏறும். அடைப்பால் வந்ததில் அல்கலைன் பாஸ்படேஸ் என்பது மிகுதியாக உயரும். இரத்தம் உறையும் நேரத்தையும் பார்க்க வேண்டும். குடலுக்குப் பித்தம் செல்லாவிட்டால் வைட்டமின் கே உடலில் சேராது. இரத்தம் எளிதில் உறையாது. அதற்கு ஊசி உண்டு.

மற்றொன்று, வயிற்று அல்ட்ரா சவுண்டு ஸ்கேன். நாளங்கள் விரிந்திருக்கின்றனவா என்பதை அது காட்டிவிடும். விரிந்திருந்தால் கீழே எங்கோ அடைப்பு இருக்கிறது என்று பொருள். அதன்பிறகு வீட்டு வைத்தியத்துக்கு ஒரு நாளும் இடமில்லை.

அடைப்பு என்று தெரிந்தபின் வரிசை மாறக் கூடாது. முதலில் படம், பிறகு மருத்துவர்களின் கூட்டு ஆலோசனை, அதன் பிறகே ஸ்டென்ட். இதனை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்பதை விளக்குகிறோம்.

படம் என்பது இருவகை. நரம்பு வழியே மருந்து செலுத்திப் பல கட்டங்களில் எடுக்கும் சி.டி. ஸ்கேன், கட்டி இரத்தக் குழாய்களைத் தொட்டிருக்கிறதா, வேறெங்கும் பரவியிருக்கிறதா என்பதைக் காட்டும். எம்.ஆர்.சி.பி. என்னும் காந்தப் படம், ஊசியோ குழாயோ செலுத்தாமலேயே நாளங்களின் முழு வரைபடத்தைத் தரும். இவ்விரண்டையும் அறுவை மருத்துவர், குடல் மருத்துவர், புற்றுநோய் மருத்துவர், கதிர்ப்பட மருத்துவர் ஆகியோர் சேர்ந்து பார்க்க வேண்டும்.

ஈ.ஆர்.சி.பி. என்பது வாய்வழியே உள்நோக்கியைச் செலுத்தி, நாளத்தில் ஸ்டென்ட் என்னும் சிறு குழாயை வைத்துப் பித்தத்தை வடியச் செய்யும் முறை. 1968-இல் அமெரிக்காவில் வில்லியம் மெக்கியூன் குழுவினர் இம்முறையின் தொடக்கத்தை முதன்முதலில் வெளியிட்டனர். எண்ணற்றோர்க்கு அது நன்மை செய்துள்ளது. ஆனால், படம் எடுக்கும் முன்னரே ஸ்டென்ட் வைத்துவிட்டால், விரிந்திருந்த நாளம் சுருங்கிவிடும். சுற்றிலும் வீக்கம் ஏற்படும். கட்டியின் எல்லை படத்தில் தெளிவாகத் தெரியாது. கிருமித் தொற்றும் உண்டாகலாம். கணையத் தலைக் கட்டியால் மஞ்சள் வந்த 202 பேரிடம் நெதர்லாந்தில் ஓர் ஆய்வு நடத்தி 2010-இல் வெளியிட்டனர். நேராக அறுவை செய்துகொண்டவர்களில் 39 விழுக்காட்டினருக்கும், முதலில் ஸ்டென்ட் வைத்துப் பின் அறுவை செய்துகொண்டவர்களில் 74 விழுக்காட்டினருக்கும் கடுமையான சிக்கல்கள் ஏற்பட்டன. எல்லோருக்கும் ஸ்டென்ட் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. குளிர்க்காய்ச்சல் இருந்தாலோ, மஞ்சள் மிக ஏறியிருந்தாலோ, பெரிய கல்லீரல் அறுவைக்கு ஆயத்தம் செய்ய வேண்டியிருந்தாலோ ஸ்டென்ட் தேவைப்படும். யாருக்கு, எந்தப் பக்கத்தில், எப்போது என்பதைப் படத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். "டாக்டர், ஸ்டென்டுக்கு முன் சி.டி.யும் எம்.ஆர்.சி.பி.யும் எடுத்துவிட்டோமா?" என்று பணிவுடன் கேட்கும் உரிமை நோயாளியின் வீட்டாருக்கு உண்டு.

புற்று அல்லாதவையும் உண்டு

நாளம் சுருங்கியிருந்தாலே அது புற்று என்று அஞ்சிவிடவும் கூடாது. பித்தப்பைக் கல் ஒன்று நாளத்தை வெளியிலிருந்து அழுத்தலாம். காசநோயால் வீங்கிய நெறிக்கட்டு அழுத்தலாம். நம் நாட்டில் இதனை எப்போதும் நினைவில் வைக்க வேண்டும். ஐ.ஜி.ஜி.4 என்னும் எதிர்ப்புப் புரதம் தொடர்பான அழற்சி நோய், புற்றைப் போலவே படத்தில் தோன்றும். ஸ்டீராய்டு மாத்திரையில் அது தணிந்துவிடும்.

சி.ஏ. 19-9 என்னும் இரத்தச் சோதனையைப் பற்றியும் ஒரு சொல். அந்த எண் உயர்ந்திருப்பதைக் கண்டு வீட்டார் மனமுடைந்து போகின்றனர். வெறும் அடைப்பாலும் கிருமித் தொற்றாலும்கூட அந்த எண் உயரும். மறுபுறம், நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குப் பிறவி அமைப்பின் காரணமாக, புற்று இருந்தாலும் அந்த எண் உயர்வதேயில்லை. எனவே, அது துணைச் சான்று மட்டுமே, தீர்ப்பன்று.

ஈ.ஆர்.சி.பி. செய்யும்போது நாளத்தைத் தூரிகையால் வருடிச் செல்களை எடுத்துச் சோதிப்பர். இக்கட்டி நார்த்தன்மை மிகுந்தது. செல்கள் எளிதில் உதிர்வதில்லை. ஆகவே, புற்று இருந்தும் பாதிக்குப் பாதி இச்சோதனை அதனைத் தவறவிடுகிறது. "புற்று இல்லை என்று வந்துவிட்டது" என மகிழ்ந்து வீடு திரும்பிவிடக் கூடாது; மருத்துவர் ஐயம் நீங்காதவரை தொடர்ந்து பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு உகந்த நிலையில், படமே தெளிவாக இருந்தால், திசுச் சோதனைக்காகக் காத்திராமல் அறுவை செய்வதும் முறையே.

சிகிச்சை

இந்நோயை முற்றிலும் நீக்கும் வாய்ப்பைத் தருவது முதன்மையாக அறுவை சிகிச்சையே. கீழ்ப்பகுதிக் கட்டிக்குக் கணையத் தலை, முன்சிறுகுடல், நாளம், பித்தப்பை ஆகியவற்றைச் சேர்த்து அகற்றுவர். 1935-இல் அமெரிக்காவின் ஆலன் விப்பிள் வெளியிட்ட முறை இது. இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. வாயில் கட்டிக்கு நாளத்துடன் கல்லீரலின் பாதியையோ அதற்கு மேலோ அகற்ற வேண்டியிருக்கும். கல்லீரல் மீண்டும் வளரும் உறுப்பு என்பது இறைவன் செய்த பேருதவி. எஞ்சும் பகுதி சிறிதாக இருக்குமானால், அகற்றப்போகும் பகுதிக்குச் செல்லும் இரத்தக் குழாயை முன்கூட்டியே அடைத்துவிடுவர். சில வாரங்களில் மறுபகுதி வளர்ந்து பெரிதாகும். ஜப்பானின் மக்குச்சி குழுவினர் வாயில் புற்று நோயாளிகளிடம் இம்முறையைக் கையாண்டு 1990-இல் வெளியிட்டனர். இவை பல மணி நேரம் நடக்கும் பெரிய அறுவைகள். இவற்றைத் தொடர்ந்து செய்து பழகிய குழுவிடமே செய்துகொள்ள வேண்டும்.

அறுவைக்குப் பின் கேப்சிடபின் என்னும் மாத்திரையை ஆறு மாதம் கொடுப்பது இன்றைய வழக்கம். பிரிட்டனில் 447 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 51 மாதமாகவும், எடுக்காதவர்களுடையது 36 மாதமாகவும் இருந்தது. புள்ளியியல் முறையில் இவ்வேறுபாடு ஐயத்திற்கு அப்பாற்பட்டதாக நிறுவப்படவில்லை எனினும், பயன் இருக்கிறது என்றே மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது.

வாயில் கட்டி 3 சென்டிமீட்டருக்குள் இருந்து, வேறெங்கும் பரவாமல், அறுத்தெடுக்க மட்டும் இயலாத நிலையில் இருப்போருக்குக் கதிர்வீச்சு கொடுத்துப் பின் கல்லீரல் மாற்றுச் சிகிச்சை செய்யும் முறையை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை 1993-இல் தொடங்கியது. 12 மருத்துவமனைகளின் அனுபவத்தைத் தொகுத்து 2012-இல் வெளியிட்டபோது, மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களில் 65 விழுக்காட்டினர் 5 ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தனர். கடுமையான வரையறைக்குள் வரும் மிகச் சிலருக்கே இது பொருந்தும்.

பரவிவிட்ட நிலையிலும் கைவிட வேண்டியதில்லை. 2010-இல் 410 பேரிடம் நடந்த ஆய்வு, ஜெம்சிடபின் மருந்துடன் சிஸ்பிளாட்டினைச் சேர்த்தால் இடைநிலை ஆயுள் 8.1 மாதத்திலிருந்து 11.7 மாதமாகக் கூடுவதைக் காட்டியது. 2022-இல் வெளியான மற்றோர் ஆய்வில், அவ்விரண்டுடன் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் டுர்வாலுமாப் என்னும் மருந்தைச் சேர்த்தனர். இரண்டு ஆண்டுகள் கடந்தும் உயிருடன் இருந்தோர் ஏறத்தாழ 10 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாக உயர்ந்தனர். கட்டியின் மரபணுவைச் சோதித்து அதற்கேற்ற மாத்திரை கொடுக்கும் முறையும் வந்துவிட்டது. எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 என்னும் மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கான பெமிகாட்டினிப் 2020-லும், ஐ.டி.எச்.1 மாற்றம் உள்ளவர்களுக்கான ஐவோசிடனிப் 2021-லும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இம்மாற்றங்கள் கல்லீரலுக்குள் தோன்றும் வகையிலேயே மிகுதி. இம்மருந்துகளின் விலை மிக அதிகம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இந்த எண்களை உற்று நோக்குங்கள். அறுவைக்கு உகந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் பேசுகிறோம். கடந்துவிட்டால் மாதக்கணக்கில் பேசுகிறோம். நாம் பத்தியத்தில் கழிக்கும் வாரங்களின் விலை இதுவே.

யாருக்கு வருகிறது?

பெரும்பாலோருக்குக் குறிப்பிட்ட காரணம் தெரிவதில்லை. எனவே நோயாளியின் மீது பழி சுமத்த வேண்டாம். சில காரணங்கள் தெளிவானவை. வடகிழக்குத் தாய்லாந்து மக்கள் ஆற்று மீனைச் சமைக்காமல் பிசைந்து உண்கின்றனர். அதிலுள்ள கல்லீரல் புழு நாளத்தில் தங்கிப் பல்லாண்டுகள் அரித்துப் புற்றை உண்டாக்குகிறது. உலகிலேயே இந்நோய் மிகுந்த பகுதி அதுதான். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் அப்புழுவைப் புற்றுக் காரணி என உறுதி செய்தது. நன்கு கொதிக்கவைத்த நம் மீன் ஆணத்தைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

ஜப்பானின் ஒசாகாவில் ஓர் அச்சகத் தொழிலாளர்களிடம் இந்நோய் இளவயதிலேயே கூட்டமாகக் காணப்பட்டது. ஆய்ந்தபோது, காற்றோட்டமில்லாத அறையில் அச்சு மையைத் துடைக்கப் பயன்படுத்திய கரைப்பான் திரவமே காரணம் எனத் தெரிந்தது. 2013-இல் வெளியான ஆய்வறிக்கை 11 ஆண் தொழிலாளர்களுக்கு நோய் இருந்ததைக் காட்டியது. அச்சகத்திலும் வண்ணப்பூச்சுத் தொழிலிலும் பணிபுரியும் நம் பிள்ளைகள், உள்நாட்டிலாயினும் வளைகுடாவிலாயினும், காற்றோட்டத்தையும் முகக் கவசத்தையும் கேட்டுப் பெற வேண்டும் என்பதற்கு இது பாடம்.

நாளத்தில் பிறவியிலேயே உள்ள நீர்க்கட்டி, கல்லீரலுக்குள் நாள்பட்ட கற்கள், நாளங்களின் நாள்பட்ட அழற்சி, பி, சி வகைக் கல்லீரல் வைரஸ்கள், கல்லீரல் சுருக்கம் ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. பிறவி நீர்க்கட்டியை முன்னரே அகற்றிவிடலாம். பி வகைக்குத் தடுப்பூசி உண்டு. சி வகையை மாத்திரையாலேயே முற்றிலும் குணப்படுத்தலாம். பித்தநாளப் புற்று ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நோயாளியின் தட்டையும் குவளையையும் ஒதுக்கி வைத்து அவர் மனத்தைப் புண்படுத்தாதீர்கள்.

வீட்டார் அறிய வேண்டியவை

ஸ்டென்ட் வைத்திருப்பவருக்குக் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால், அது நாளம் மீண்டும் அடைபட்டுக் கிருமி பெருகியதற்கு அடையாளமாக இருக்கலாம். காய்ச்சல் மாத்திரை கொடுத்துக் காலை வரை காத்திருக்கக் கூடாது. அன்றிரவே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நெகிழிக் குழாய் மூன்று மாத அளவில் அடைபடக்கூடியது; மாற்ற வேண்டிய நாளைக் குறித்து வையுங்கள்.

நம் சமுதாயத்தார்க்குரிய செய்தி ஒன்றும் உண்டு. விப்பிள் அறுவை செய்துகொண்டவர்களில் பலருக்கு உணவு செரிக்கக் கணைய நொதி மாத்திரை தேவைப்படும். இன்று வழங்கப்படும் அம்மாத்திரை பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. இதனைப் பிறகு அறிந்து, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவோர் உண்டு; அதனால் உணவு செரியாமல் உடல் மெலிந்து போகின்றனர். மார்க்கத் தீர்ப்புக் கூறுவது எங்கள் பணியன்று. அறுவைக்கு முன்னரே மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். மாற்று இருக்கிறதா, இல்லையெனில் எவ்வளவு இன்றியமையாதது என்பதைக் கேட்டு அறிந்து, ஆலிம் பெருமக்களிடம் சென்று நெருக்கடி நிலைக்குரிய விளக்கத்தைப் பெறுங்கள். நோன்பு பற்றியும் அவ்வாறே இருவரிடமும் கேட்டு நடந்து கொள்ளுங்கள்.

நோயாளியிடம் உண்மையை முற்றிலும் மறைத்துவிடும் வழக்கத்தையும் நாம் மறுபரிசீலனை செய்ய வேண்டும். கொடுக்கல் வாங்கலைத் தீர்க்கவும், வஸிய்யத் எழுதவும், பிள்ளைகளைப் பார்த்துப் பேசவும் அவருக்கு உரிமை உண்டு. அவர் எவ்வளவு அறிய விரும்புகிறாரோ, அந்த அளவுக்கு மென்மையாகச் சொல்ல வேண்டும். நோயை அகற்ற இயலாத நிலையிலும் அரிப்பையும் வலியையும் தணிக்க வழிகள் உண்டு. வலி தாங்குவதை வீரமாக எண்ணி மருந்தை மறுக்க வேண்டியதில்லை.

செலவு பற்றிய அச்சமே பலரைத் தாமதிக்கச் செய்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனை, ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, மதுரை அரசு இராசாசி மருத்துவமனை ஆகியவற்றில் இத்தகைய அறுவைகளுக்குரிய தனித்துறைகள் இருக்கின்றன. 2012 முதல் நடைபெற்றுவரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருமான வரம்புக்குட்பட்ட குடும்பங்கள் பதிவு செய்துகொள்ளலாம். நோய் வந்தபின் அட்டைக்கு அலைவதைவிட, நலமாக இருக்கும்போதே பெற்று வைப்பது நல்லது. அட்டை இல்லாத குடும்பங்களைக் கணக்கெடுத்து, விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் பணியை ஜமாஅத் இளைஞர்கள் மேற்கொண்டால் அது பெரும் தொண்டாக அமையும். பைத்துல்மால் நிதியில் முதற்கட்ட இரத்தச் சோதனைக்கும் ஸ்கேனுக்கும் உதவ இயலுமா என்பதை நிர்வாகக் குழுவினர் ஆலோசிக்க வேண்டுகிறோம். முதல் வாரத்தில் செலவிடும் அச்சிறு தொகை, பின்னால் பல இலட்சம் கொடுத்தாலும் வாங்க இயலாத காலத்தை வாங்கித் தரக்கூடும்.

நிறைவாக நாங்கள் வேண்டுவது இவ்வளவே. உங்கள் வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளானால், அந்த வாரத்திலேயே இரத்தச் சோதனையும் வயிற்று ஸ்கேனும் செய்துவிடுங்கள். நாற்பது வயதைக் கடந்தவருக்கு வலியின்றி மஞ்சள் வந்தாலோ, மலம் வெளுத்தாலோ, தடிப்பின்றி அரித்தாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அடைப்பு என்று தெரிந்தால், படம் முதலில், ஆலோசனை அடுத்து, குழாய் அதன் பிறகு என்ற வரிசையை நினைவில் வையுங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேருக்குச் சாதாரணக் காரணமாகவே முடியலாம். அதனால் இழப்பு ஒன்றுமில்லை. எஞ்சிய அந்த ஒருவருக்கு அவ்வாரம்தான் வாழ்வாக அமையும்.

 நோயுற்றோர் அனைவருக்கும் இறைவன் நலமளிப்பானாக.